குச்சி விற்கிற ஊர்

உச்சிப்புளிக்கு மல்லிகை தேடி வருகிறவர்கள் பூவைப் பற்றிக் கேட்பதில்லை. வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டுப் பாத்திக்குள் இறங்கி, நடுவரிசையில் ஒரு நாற்றைச் சடக்கென்று பிடுங்கித் தலைகீழாகப் பிடித்து வேரைப் பார்ப்பார்கள். ஓரத்து நாற்றை எடுக்க மாட்டார்கள். ஓரத்தில் தண்ணீர் கூடுதலாகப் பாய்ந்து வேர் நன்றாகத்தான் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். "எத்தனை மாசத்துக் குச்சிம்மா?" என்பது முதல் கேள்வி. "கட்டு என்ன விலை?" என்பது அடுத்தது. நிலக்கோட்டைக்காரர் ஆனாலும், சத்தியமங்கலத்துக்காரர் ஆனாலும், மொழி தெரியாமல் விரலைக் காட்டிப் பேரம் பேசும் ஆந்திரக்காரர் ஆனாலும் பேச்சு இந்த வரிசையில்தான் போகும்.

வெளியூர்க்காரர்களுக்கு உச்சிப்புளி என்றால் ராமேஸ்வரம் போகிற வழியில் கண்ணில் பட்டு மறையும் ஒரு ரயில் நிலையம். இல்லையென்றால் 2009இல் தொடங்கிய ஐஎன்எஸ் பருந்து என்ற கடற்படை விமானத் தளம். எங்களுக்கு இது குச்சி ஊர். இங்கிருந்து பிரப்பன்வலசை, என்மனங்கொண்டான் என்று மண்டபம் வரைக்கும், பாலம் தாண்டினால் தீவில் பாம்பன், தங்கச்சிமடம் பக்கமும் மல்லிகை நாற்றுப் போடுகிற குடும்பங்கள் உண்டு. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மல்லிக்கு நடவுக் கன்று எங்கள் கரையிலிருந்து போகிறது என்பது தோட்டக்கலை படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. 'இராமநாதபுரம் குண்டுமல்லி' என்று கையேடுகளில் ரகத்தின் பெயராகவே அச்சிட்டிருக்கிறார்கள். பூ மதுரையின் பேரில் விற்கிறது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. பூப்பறிக்க விடியற்காலம் எழுந்து ஓட வேண்டிய பாடு அவர்களுக்கு, எங்களுக்கு இல்லை.

இந்த வேலையை எனக்குப் பழக்கியவள் அம்மாச்சி. தங்கச்சிமடத்தில் பிறந்து உச்சிப்புளியில் வாக்கப்பட்டவள். சீதனமாக என்ன கொண்டுவந்தாளோ தெரியாது, ஈரச்சாக்கில் சுற்றிய ஒரு கட்டுக் குச்சி கொண்டுவந்ததை மட்டும் சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குச்சி எந்த இடத்தில் வெட்டுவது என்பதில்தான் பாதித் தொழில் அடங்கியிருக்கிறது. கொழுந்து முனையில் வெட்டினால் மண்ணுக்குள் அழுகும். அடிக்கட்டையில் வெட்டினால் முற்றல், வேர் விட மாசக்கணக்கில் யோசிக்கும். இரண்டுக்கும் நடுவில், பச்சைத் தோலில் பழுப்பு ஏறத் தொடங்குகிற இடம் ஒன்று உண்டு. கிளையை வளைத்துப் பார்த்தால் தெரியும். துவண்டு விழுந்தால் இளசு, படக்கென்று முறிந்தால் முற்றல், வளைந்து மறுபடி நிமிர்ந்தால் அதுதான் குச்சி. பென்சில் பருமன், ஒரு சாண் நீளம், மூன்று கணு. கீழ்க்கணுவுக்கு அடியில் சாய்வெட்டு, மேல்கணுவுக்கு மேலே நேர்வெட்டு. சாய்வெட்டு தண்ணீர் குடிக்க நல்லது என்று படித்தவர்கள் சொல்வார்கள். அம்மாச்சி சொன்ன காரணம் வேறு. வெட்டிய குச்சியெல்லாம் கூடையில் குவிந்து கிடக்கும்போது எது தலை, எது கால் என்று தெரியாது. சாய்வாக இருப்பது கால். தலைகீழாக நட்ட குச்சி துளிர்க்காது. அரை இருட்டில் குத்த வந்து உட்கார்ந்தாலும் விரல் தடவி நடலாம் அல்லவா, அதற்குத்தான்.

பாத்தியில் மணலை முந்தின நாளே நனைத்துவிடுவோம். பனைமட்டைச் சிம்பால் ஒரு துளை போட்டு, இரண்டு கணு உள்ளே, ஒரு கணு வெளியே. அப்புறம் இரண்டு பெருவிரலாலும் சுற்றி அமுக்க வேண்டும். குச்சிக்கும் மணலுக்கும் இடையில் காற்று நின்றால் அந்தக் குச்சி போச்சு. காலம் முழுக்க இப்படி அமுக்கியதில் எங்கள் ஊர்ப் பெண்கள் பலருக்குப் பெருவிரல் நகம் தேய்ந்திருக்கும். மணல் உப்புத்தாள் மாதிரி அராவிவிடும்.

நட்டு இரண்டு மூன்று வாரத்தில் துளிர் வரும். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துப் பூரித்துப்போவார்கள். அது வேரால் வந்த துளிர் அல்ல, குச்சிக்குள் ஏற்கெனவே இருந்த சத்தால் வந்தது. கீழே வெட்டுவாயில் வெள்ளையாக ஒரு தடிப்பு கட்டி, அதைச் சுற்றியும் கணுவிலும் வேர் புறப்பட இன்னும் நாளாகும். அதற்குள் சத்து தீர்ந்தால் வந்த துளிரும் வாடிவிடும். அதனால் துளிரை நம்பிக் கணக்குப் போட மாட்டோம். இரண்டு விரலால் லேசாக மேலே இழுத்துப் பார்ப்போம். மணல் பிடித்து எதிர்த்து இழுத்தால் பிடித்துவிட்டது என்று பொருள். கட்டுக்கு ஏறும் அளவுக்குத் தேற நாலைந்து மாசம் வேண்டும். கார்த்திகைக் கவாத்து முடிந்து தையிலும் மாசியிலும் நட்டால், சம்சாரிகள் நடவுக்குக் கிளம்பும் ஆனி, ஆடியில் நாற்று தயார்.

இந்த நாலைந்து மாசத்துக்குள் சித்திரை வருகிறது. அங்கேதான் எங்கள் தொழிலின் கிறுக்குத்தனம். பங்குனி, சித்திரை வெயிலில் குண்டுமல்லிக்குப் பூக்கும் வெறி வந்துவிடும். ஒரு சாண் குச்சிகூட, வேர் சரியாக ஊன்றாத பாத்தியில் நின்றுகொண்டு, நுனியில் மூன்று மொட்டு வைக்கும். அதை விட்டால் வேருக்குப் போக வேண்டிய சத்து பூவுக்குப் போய்விடும். அதனால் கிள்ளிப் போட வேண்டும். வெள்ளை ஏறும்வரை காத்திருந்து கிள்ளினால் பயனில்லை, அதற்குள் செடி செலவழித்துவிடும். அரிசி அளவில் பச்சையாக இருக்கும்போதே கிள்ளணும். அந்த அளவில் கிள்ளிய மொட்டு மலராது, மணக்காது, தொடுக்கவும் ஆகாது. ஊரெல்லாம் காசு கொடுத்து வாங்குகிற பொருளைக் கிள்ளிக் கிள்ளி மணலில் போட்டுக்கொண்டு போவதுதான் எங்களுக்குச் சித்திரை மாச வேலை. கூலிக்கு வந்த ஒரு சின்னப் பெண், "யக்கா, பாவமில்லையா?" என்று கேட்டாள். "பாவம்தான், அந்த ஓரத்தையும் முடிச்சிட்டு எந்திரி" என்றேன்.

மல்லிகை ராப்பூ. இதைத் தெரிந்துகொண்டால்தான் பூ வியாபாரம் புரியும். பகல் முழுக்க இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக முறுக்கிக்கொண்டு மொட்டாக இருக்கும். பொழுது சாய்ந்து ஆறு, ஏழு மணிக்கு மேல் முறுக்கு விடும், வாசமும் அப்போதுதான் கிளம்பும். வெள்ளை நிறமும் ராத்திரி வாசமும் இருட்டில் பறக்கும் அந்துப்பூச்சிகளைக் கூப்பிடுவதற்கு. இங்கே செடியின் ஒரு குணம் மனிதனுக்கு வசதியாகப் போயிற்று. முழுசாக ஊதி வெள்ளையான மொட்டை விடியற்காலம் பறித்துவிட்டாலும் அது தன் நேரத்தை மறக்காது. கூடையில் இருந்தாலும், மாட்டுத்தாவணி பூச்சந்தையில் குவிந்து கிடந்தாலும், யார் தலையில் இருந்தாலும், அந்திக்கு மலரும். பச்சை தெளியாத மொட்டைப் பறித்தால் மலராமலே வதங்கும். மதுரைப் பூக்கடை வியாபாரம் மொத்தமும் விடியலுக்கும் அந்திக்கும் நடுவில் உள்ள அந்த அரைநாளில்தான் நடக்கிறது. சீனாவில் பூச்சோவ் நகரத்துத் தேயிலைக்காரர்களும் இதே கணக்கில் வேலை செய்கிறார்கள். பகலில் மொட்டை வாங்கி வைத்து, அது ராத்திரி வாய் திறக்கும் நேரத்தில் தேயிலையோடு கலந்து வாசத்தை ஏற்றிவிடுகிறார்கள்.

இவ்வளவு வாசம் விட்டுப் பூச்சியை அழைத்தும் குண்டுமல்லி காய்ப்பதில்லை. இந்தச் செடிகளுக்குள்ளேயே கிடந்தும் நான் அதில் ஒரு பழம் பார்த்ததில்லை. விதை இல்லாததால்தான் குச்சிக்கு மதிப்பு. இன்னொன்றும் இதில் இருக்கிறது. விதையில் வருவது பிள்ளை, குச்சியில் வருவது அதே செடி. அம்மாச்சி கொண்டுவந்த கட்டும், நான் விற்ற கட்டும், இப்போது நிலக்கோட்டையில் யாரோ கவாத்து செய்துகொண்டிருக்கிற கொல்லையும் ஒரே உடம்பு. இந்தச் செடி உலகம் சுற்றியதும் இப்படித்தான் இருக்க முடியும். பிலிப்பைன்ஸ் 1934இல் இதைத் தேசிய மலராக அறிவித்தது. ஹவாய்த் தீவில் இளவரசி கையுலானிக்கு மயிலும் பிடிக்கும் இந்தப் பூவும் பிடிக்கும் என்பதால் மயிலின் பேரையே பூவுக்கு வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு கரையிலும் யாரோ ஒருவர் ஈரம் காயாமல் குச்சியைப் பொத்திக் கொண்டு இறங்கியிருக்க வேண்டும்.

குண்டுமல்லியைச் செடி என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது கொடி. ஆண்டுக்கு ஒரு தடவை கார்த்திகையில் முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளுவதால் புதராக நிற்கிறது, அவ்வளவுதான். இது எனக்கு நன்றாக உறைத்தது 2020இல். மார்ச் கடைசியில் ஊரடங்கு. பூச்சந்தைகள் மூடிக் கிடந்தன, விளைந்த பூவே விலைபோகாத ஆண்டில் புதிதாக மல்லிகை வைக்க யாருக்கு மனசு வரும்? ஆடி வந்தது, வண்டி வரவில்லை. கூலிக்கு ஆள் விடவும் கையில் காசில்லை. பாத்தியில் நின்ற நாற்றெல்லாம் எங்களைக் கேட்காமல் வளர்ந்தது. கணுவுக்கு இரண்டு இலை என்று மரியாதையாக இருந்தது, மூன்று இலை வைத்து வீரியமாகக் கொடி நீட்டத் தொடங்கியது. ஒன்றையொன்று பின்னிக்கொண்டு, பாத்தியை விட்டு வெளியேறி, பனையோலை வேலியில் ஏறி, பக்கத்து உடைமரத்தையும் பிடித்துவிட்டது. நாங்கள் கிள்ளாமல் விட்ட மொட்டெல்லாம் மலர்ந்தது. அந்தக் கடன்காரக் காலத்தில் ராத்திரி வீட்டுக்குள் படுக்க முடியாத அளவுக்கு வாசம். என் வீட்டுக்காரர், "இதுக்குப் பேரு நாத்தங்கால், பூந்தோட்டம் இல்லை" என்று எரிச்சலோடு சொல்லிக்கொண்டு ஜன்னலைச் சாத்தினார்.

அப்படி ஏறிய கொடியைப் பார்த்தபோது எனக்குக் காட்டுமல்லி ஞாபகம் வந்தது. இந்தப் பக்கத்துப் புதர்க்காட்டிலும், உள்நாட்டு வறண்ட பாறைக் குன்றுகளிலும், இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் முள்ளுச் செடிமேல் படர்ந்து கிடக்கும் கொடி அது. யாரும் நடுவதில்லை, தண்ணீர் விடுவதில்லை. இலை சின்னது, பளபளப்பு. மொட்டு வெளிப்புறம் லேசாகச் சிவப்பு ஓடியிருக்கும், மலர்ந்தால் குறுகலான இதழோடு வெள்ளை நட்சத்திரம். குண்டுமல்லி செய்யாததை அது செய்யும்: காய்த்துக் கறுப்பாகப் பழுக்கும். படர்தாமரை வந்தால் அதன் வேரை வசம்போடு சேர்த்து எலுமிச்சைச் சாறு விட்டரைத்துப் போடுவது பழைய வைத்தியம். பூவை யாரும் சந்தைக்குக் கொண்டுபோவதில்லை. சரம் தொடுக்க இதழில் சதை போதாது. அந்திக்குமேல் ஆடு ஓட்டி வருகிறவர்களுக்கும் அந்துப்பூச்சிக்கும்தான் அந்த வாசம். அரியமான் கடற்கரை மணலில் படரும் அடம்பு காலையில் மலர்ந்து வெயில் ஏற வாடிவிடும். இது நேர்மாறாகப் பகலை ஒதுக்கிவிட்டு இருட்டில் பிழைக்கிற கொடி. வெயில் காய்ச்சி எடுக்கும் எங்கள் மண்ணில் எனக்கு இரண்டாவதுதான் புத்திசாலியாகத் தெரிகிறது.

எங்கள் மண் என்றா சொன்னேன்? மண் என்று ஒன்றும் கிடையாது, மணல்தான். களிமண்காரர்கள் இதைப் பார்த்து, "இதிலே என்ன முளைக்கும்?" என்பார்கள். நாற்றுக்கு இந்த மணலை விட்டால் வேறு கதியில்லை. களிமண்ணில் வேர் விட்ட நாற்றைப் பிடுங்கினால் பாதி வேர் மண்ணோடு நின்றுவிடும். மணலில் பிடுங்கி ஒரு உதறு உதறினால் மணல் பூராவும் கொட்டி, ஒரு வேர்கூட அறாமல் வெள்ளையாகக் கைக்கு வரும். மண்கட்டி இல்லாததால் பாரமும் இல்லை. நூறு நூறாகக் கட்டி, ஈரச்சாக்கில் வேரைச் சுற்றி, ஆயிரக்கணக்கில் ஒரே வண்டியில் ஏற்றலாம். அம்மாச்சி காலத்தில் தீவிலிருந்து கட்டு வெளியேற ரயிலை விட்டால் வழியில்லை. பாம்பன் சாலைப் பாலம் திறந்தது 1988இல்தான், அதற்கு முன்னால் 1914இல் திறந்த ரயில் பாலம் ஒன்றுதான் தரை வழி. சாக்கு ரயில் நடைமேடையில் காய்ந்துவிடக் கூடாது என்று குடமும் கையுமாகக் காத்துக் கிடந்த கதையை நிறையக் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு ராத்திரி ஏற்றினால் விடியும்போது வேறு ஜில்லா.

மணலில் ஒரு கொடுமையும் உண்டு, நூற்புழு. கண்ணுக்குத் தெரியாது, வேரில் முடிச்சு முடிச்சாகக் காட்டிக்கொடுக்கும். மேலே செடி பசுமையாக இருக்கும்போதே கீழே முடிச்சு விழுந்திருக்கலாம். பாத்தியில் இறங்கி நடுவரிசை நாற்றைப் பிடுங்கிப் பார்க்கிற வியாபாரி தேடுவது இதைத்தான். முடிச்சு கண்டால் பேசாமல் வண்டி ஏறிவிடுவார், அந்தச் செய்தி அவருக்கு முன்னால் அடுத்த ஊருக்குப் போய்விடும். அதனால் ஒரே பாத்தியில் வருஷா வருஷம் போடாமல் மாற்றி மாற்றிப் போடுவோம். கடற்கரை மணலில் சிப்பிச் சுண்ணாம்பு அதிகம், இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இரும்புச் சத்து ஏறவில்லை என்று பொருள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்துத் தெளித்தால் திரும்பிவிடும்.

தண்ணீர்தான் பெரிய கவலை. இங்கே மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை வாடை மழைதான். அந்த மழை மணலில் இறங்கி, அடியில் இருக்கும் கடல் தண்ணீர்மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. நல்ல தண்ணீர் லேசு, உப்புத் தண்ணீர் கனம். மணலில் ஓர் ஆள் ஆழம் தோண்டினாலே ஊற்று வந்துவிடும். நாங்கள் சின்ன வயசில் ஊற்றுக்குள் இறங்கிக் குடத்தில் மொண்டு, அதன் வாயில் கையை வைத்து விரல் இடுக்கு வழியாகப் பாத்தியில் தெளிப்போம். அதைவிட மெதுவாகத் தண்ணீர் எடுக்க முடியாது, அந்த மெதுவுதான் ஊற்றைக் காப்பாற்றியது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நிற்கும் என்று ஹாலந்துக்காரர் ஒருவரும் ஜெர்மானியர் ஒருவரும் 100 ஆண்டுகளுக்கு முன்பே தனித்தனியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கணக்கைத் திருப்பிப் போட்டால் வயிற்றைக் கலக்கும். மேலே மோட்டார் வைத்து 1 அடி உறிஞ்சினால் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறும். மோட்டார் போட்டவர்களில் சிலர் நாலைந்து வருஷத்தில் பாத்தியைத் தென்னைக்கு விட்டுவிட்டார்கள். தென்னை கொஞ்சம் உப்பைத் தாங்கும். மல்லிகைக் குச்சி தாங்காது, இலை நுனி கருகித் தெரிவித்துவிடும். கச்சான் காற்றுக் காலத்தில் கடல் உப்பும் மணலும் இலைமேல் வந்து அறைவது தனி. அதற்குத்தான் தெற்கிலும் மேற்கிலும் ஓலை மறைப்பு. நானும் மோட்டார் வைத்திருக்கிறேன். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று நிறுத்தி நிறுத்திப் போடுகிறேன், போடும் முன்னால் ஒரு வாய் குடித்துப் பார்க்கிறேன். மீட்டர் வாங்கித் தருகிறேன் என்கிறான் மகன். நாக்குக்குக் கரண்ட் பில் கிடையாது.

அவன் இப்போது பாலித்தீன் பையில் நாற்றுப் போடச் சொல்கிறான். ஒரு பை நாற்றுக்கு வரும் காசுக்குப் பத்துக் குச்சி விற்க வேண்டியிருக்கிறது, அவன் கணக்கு தப்பில்லை. மாடியில் தொட்டி வைக்கிற பட்டணத்துக்காரர்களுக்கு அது சரி. வயலில் நடுகிற சம்சாரிக்கு நான் பையைச் சிபாரிசு செய்ய மாட்டேன். பைக்குள் வேர் சுற்றிச் சுற்றி வளர்ந்துவிட்டால் வெளியே நட்ட பிறகும் அந்தச் சுற்றை விடாது. இதில் எங்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை. கிழக்கு ஓரத்தில் அவனுக்கு நாலு பாத்தி ஒதுக்கிக் கொடுத்திருக்கிறேன், பை போட்டுப் பார்க்கட்டும்.

வாங்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லி அனுப்புவது வழக்கம், இங்கேயும் சொல்லிவிடுகிறேன். கட்டை வெயிலில் வைக்காதீர்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் பிரித்து, நிழலில் ஈரச்சாக்கில் நிறுத்தி, மாலையில் நடுங்கள். குழி ஒன்றரை அடி, செடிக்குச் செடி நாலடி, மக்கிய எரு தாராளமாக. தண்ணீர் நிற்கிற இடம் என்றால் மேட்டுப்பாத்தி போடுங்கள், வேரழுகல் வந்தால் எந்த மருந்துக்கும் கேட்காது. நட்ட முதல் பருவத்தில் மொட்டு வைத்தால் கிள்ளிவிடுங்கள். வீட்டில் பூ கேட்டுச் சண்டை வந்தால், உச்சிப்புளிக்காரி சொன்னாள் என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.